யார் முதலில் இறந்தார்?

வாசகர் கேள்வி - பதில்

(பதில் சொல்பவர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இறப்புக் கோரிக்கைகளை ஆய்வு செய்யும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் ஓசேஜ் பழங்குடி மக்களையும், 1920களில் எண்ணெய்ப் பணத்துக்காக அவர்கள் கொல்லப்பட்டதையும் பற்றியவை.)

கே: சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே "ஓசேஜ் கொலைகளைப் போல" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அமெரிக்கப் பழங்குடி மக்களை வறுமையோடு சேர்த்தே படித்திருக்கிறேன். கொலை செய்யத் தூண்டும் அளவுக்கு அவர்களிடம் பணம் எப்படி வந்தது?

ப: துரத்தியடிக்கப்பட்டதால் வந்தது. மிசூரி, கன்சாஸ் பகுதிகளில் பரந்து வாழ்ந்தவர்கள் ஓசேஜ் மக்கள். ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் அவர்கள் நிலம் சுருங்கியது. 1870களின் தொடக்கத்தில் கன்சாஸை விட்டும் கிளம்ப வேண்டியதாயிற்று. அங்கிருந்த நிலத்தை விற்ற பணத்தில், இன்றைய ஓக்லஹோமா மாநிலத்தில் செரோக்கி மக்களிடமிருந்து ஏறக்குறைய 15 லட்சம் ஏக்கர் வாங்கினார்கள். பாறையும் மேடும் புல்வெளியுமான இடம். உழவுக்கு உதவாத மண், ஆகவே வெள்ளைக் குடியேறிகள் இங்கேயும் பின்னால் வந்து நிற்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்கள்.

அரசு இரக்கப்பட்டு ஒதுக்கிய இடம் அல்ல அது. விலை கொடுத்து வாங்கிய சொத்து. பழங்குடிகளின் பொது நிலங்களை ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்துக் கொடுத்து, மிச்சத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிடும் வேலையை அமெரிக்க அரசு செய்துகொண்டிருந்த காலத்தில், ஓசேஜ் மக்கள் நிமிர்ந்து நின்று பேரம் பேச அந்தக் கிரயம்தான் கைகொடுத்தது. பேரத்தை முன்னின்று நடத்தியவர் ஜேம்ஸ் பிக்ஹார்ட் என்ற தலைவர். 1906இல் சட்டம் வந்தது. பட்டியலில் 2,229 பெயர்கள். ஒவ்வொருவருக்கும் 650 ஏக்கருக்கு மேல் நிலம். வெளியாருக்கென்று மிச்சம் வைக்கவில்லை. இவற்றோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்க வைத்தார்கள். மேற்பரப்பைப் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் அடியில் இருக்கும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, மற்ற கனிமங்கள் எல்லாம் பிரிக்கப்படாமல் இனத்தின் பொதுச் சொத்தாகவே இருக்கும்.

1897இலேயே அங்கே ஒரு கிணற்றில் எண்ணெய் வந்திருந்தது. ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று அரசுத் தரப்பில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த நிபந்தனைக்குச் சம்மதித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

கே: அந்தப் பொதுச் சொத்திலிருந்து தனிநபருக்குப் பணம் எப்படிப் போனது? பங்குச் சந்தை மாதிரியா?

ப: பங்குதான், ஆனால் சந்தை கிடையாது. பட்டியலில் இருந்த 2,229 பேருக்கும் ஆளுக்கு ஒரு சமபங்கு. 'ஹெட்ரைட்' என்று பெயர். எண்ணெய் நிறுவனங்கள் கொடுக்கும் குத்தகைப் பணமும் உரிமைத் தொகையும் அரசின் பொறுப்பில் சேர்ந்து, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பங்குதாரர்களுக்குப் போகும். 1907க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குத் தனிப் பங்கு கிடையாது. பெற்றவர்களிடமிருந்து வந்தால் உண்டு. கடைச்சரக்கைப் போல இந்தப் பங்கை வாங்கி விற்க முடியாது. அது கைமாறும் முக்கிய வழி, உரியவர் இறந்து வாரிசுக்குப் போவது.

இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர்களின் நோக்கம் நல்லது. பக்கத்துப் பழங்குடிகளிடம் ஒரு புட்டி சாராயத்துக்கும் ஒரு பொய்க் கையெழுத்துக்கும் நிலம் பறிபோனதை அவர்கள் பார்த்திருந்தார்கள். அதனால் விற்பனை என்ற கதவை அடைத்தார்கள். மரணம் என்ற கதவு மட்டும் திறந்திருந்தது. வாரிசு ஓசேஜ் இனத்தவராக இருக்க வேண்டும் என்று அன்றைய சட்டம் கேட்கவில்லை. வெள்ளைக் கணவன் வாரிசாகலாம், வெள்ளை மனைவி வாரிசாகலாம். இறப்புக் கோரிக்கைகளையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன எனக்கு, இந்த ஒரு விதியைப் படித்த உடனேயே அடுத்து என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிட்டது.

கே: எவ்வளவு பணம் என்று சொல்லுங்கள். வெறும் "செல்வந்தர்கள்" என்றால் எனக்குப் போதாது.

ப: எனக்கும் போதாது. 1923ஆம் ஆண்டில் மட்டும் இனத்துக்கு வந்த தொகை 3 கோடி டாலருக்கு மேல். ஒரு முழுப் பங்குக்கு 12,000 டாலருக்கு மேல் கிடைத்தது. கணவன், மனைவி, பட்டியலில் இருந்த பெரிய பிள்ளைகள் இருவர் என்றால் அந்த வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 டாலர், அதுவும் அந்தக் காலத்து டாலர்.

பாஹஸ்கா என்ற ஊரில் ஓர் எல்ம் மரத்தடியில் குத்தகை ஏலம் நடக்கும். 'மில்லியன் டாலர் எல்ம்' என்று மரத்துக்கே பெயர் வந்துவிட்டது. 160 ஏக்கர் துண்டு ஒன்றுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் கேட்டிருக்கிறார்கள். ஃபிராங்க் ஃபிலிப்ஸ், வில்லியம் ஸ்கெல்லி, கெட்டி என்று பின்னாளில் பெட்ரோல் நிலையங்களின் பெயர்ப் பலகைகளில் பார்த்த பெயர்களுக்குரியவர்கள் எல்லாம் அந்த நிழலில் நின்றவர்கள்தான்.

கே: வெள்ளைக்கார டிரைவர் வைத்துக் கார் ஓட்டினார்களாமே? ஊதாரித்தனமாகச் செலவு செய்ததால்தானே அவர்களுக்குக் காப்பாளர் நியமிக்க வேண்டி வந்தது?

ப: டிரைவர் வைத்துக்கொண்டார்கள். வேலைக்காரர்களும் இருந்தார்கள். அன்றைய பத்திரிகைகள் இதை எழுதிச் சலிக்கவே இல்லை. அதே பத்து ஆண்டுகளில் எண்ணெய் முதலாளிகள் கட்டிக்கொண்ட மாளிகைகளைப் பற்றி எழுதும்போது மட்டும் அவற்றின் தூண்களை வியந்தார்கள்.

காப்பாளர் விஷயத்துக்கு வருகிறேன். 1921இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பாதியோ அதற்கு மேலோ ஓசேஜ் ரத்தம் உள்ளவர் தமக்குத் 'தகுதி' இருப்பதாக நிரூபிக்கும் வரை மூன்று மாதத்துக்கு 1,000 டாலருக்கு மேல் கையில் பெற முடியாது. மீதி அவர் கணக்கிலேயே அடைபட்டுக் கிடக்கும். தகுதியை அளந்த கோல் என்ன? படிப்பு அல்ல, கணக்கறிவு அல்ல, ரத்தத்தின் அளவு. பலருக்கு உள்ளூர் நீதிமன்றம் காப்பாளர் என்று ஒருவரை நியமித்தது. பெரும்பாலும் உள்ளூர் வழக்கறிஞர், வங்கிக்காரர், கடைக்காரர். பற்பசை வாங்குவதற்கும் அவருடைய கையெழுத்து வேண்டும். ஒரு காப்பாளர் 250 டாலருக்கு ஒரு காரை வாங்கி, அதைத் தன் பொறுப்பில் இருந்தவருக்கே 1,250 டாலருக்கு விற்றார். 1925க்கு முன்பு காப்பாளர்கள் இந்தக் கணக்குகளிலிருந்து நேரடியாகச் சுருட்டியது குறைந்தது 80 லட்சம் டாலர் என்று அரசு ஆய்வே மதிப்பிட்டது. ஊதாரி யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கே: மோலி பர்க்ஹார்ட் என்ற ஓசேஜ் பெண்ணின் குடும்பத்தில் நடந்ததை முழுமையாகச் சொல்வீர்களா? துண்டு துண்டாகப் படித்துக் குழம்பிப்போயிருக்கிறேன்.

ப: கோப்புப் போல வரிசையாகச் சொல்கிறேன், அப்போதுதான் தெரியும்.

தாய் லிஸி. மகள்கள் மோலி, அன்னா, ரீட்டா, மின்னி. ஊர் ஃபேர்ஃபாக்ஸ், கிரே ஹார்ஸ் பகுதி. மோலியின் கணவன் எர்னஸ்ட் பர்க்ஹார்ட், வெள்ளையன். அவனுடைய மாமன் வில்லியம் ஹேல். டெக்சாஸிலிருந்து வெறுங்கையோடு வந்து கால்நடைப் பண்ணையாளராகப் பெருத்தவர். 'ஓசேஜ் குன்றுகளின் ராஜா' என்று பெயர். ஊருக்கு உபகாரி, காவல் துறையில் துணைப் பொறுப்பு வேறு.

1918இல் மின்னி இறக்கிறாள், வயது 27. உடல் உருகும் விசித்திரமான நோய் என்றார்கள். 1921 மே மாதம் அன்னாவைக் காணவில்லை. ஒரு வாரம் கழித்து ஓடைப் பள்ளத்தில் உடல் கிடைக்கிறது. தலையில் குண்டுக் காயம். அந்த ஓடைக் கரையிலேயே பிரேதப் பரிசோதனை நடக்கிறது. குண்டு கிடைக்கவில்லை என்று ஷௌன் சகோதரர்கள் என்ற இரு டாக்டர்களும் சொல்லிவிட்டார்கள். காயம் இருக்கிறது, குண்டு வெளியேறிய வழி இல்லை, குண்டும் இல்லை. இப்படி ஒரு அறிக்கை என் மேசைக்கு வந்திருந்தால் நான் முதலில் டாக்டரைத்தான் பார்க்கப் போயிருப்பேன். இரண்டு மாதத்தில் தாய் லிஸியும் இறக்கிறாள். அவளுக்கும் இனம் தெரியாத நோய்.

1923 பிப்ரவரியில் ஹென்றி ரோன் என்ற ஓசேஜ்காரர் தன் காரிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறார். அவரைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது, அங்கே சொல்கிறேன். அடுத்த மாதம் 10ஆம் தேதி, விடிவதற்கு முன்பு, ரீட்டா வீட்டுக்கு அடியில் வைத்த நைட்ரோகிளிசரின் வெடித்து வீடே இல்லாமல் போகிறது. ரீட்டாவும் நெட்டி புரூக்ஷயர் என்ற பணிப்பெண்ணும் அங்கேயே இறந்தார்கள். ரீட்டாவின் கணவன் பில் ஸ்மித் நான்கு நாள் உயிரோடு கிடந்து பிறகு இறந்தான்.

அந்த நான்கு நாளைப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள், என்னால் முடியவில்லை. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் இறந்திருந்தால் ரீட்டாவின் சொத்தில் பெரும்பகுதி மோலிக்கு வந்திருக்கும். பில் நான்கு நாள் பிந்தியதால் அது முதலில் பில்லுக்குப் போய், அவன் இறந்ததும் அவனுடைய உறவினருக்குப் போய்விட்டது. வெடி வைக்கச் சொன்னவர்களின் கணக்கில் விழுந்த ஒரே பிழை அது. மற்ற மரணங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அன்னாவின் சொத்து லிஸிக்கு வருகிறது, லிஸியின் சொத்து மகள்களுக்கு வருகிறது. ஒவ்வொரு சாவும் பங்கை ஒரு படி மோலியை நோக்கி நகர்த்துகிறது. மோலிக்குப் பக்கத்தில் படுத்திருப்பவன் எர்னஸ்ட்.

கடைசியில் மோலியும் நோயில் விழுந்தாள். அவளுக்கு நீரிழிவு. அப்போதுதான் புழக்கத்துக்கு வந்த இன்சுலினை அதே ஷௌன் டாக்டர்கள் போட்டார்கள். ஊசி போடப் போட உடம்பு மோசமாயிற்று. தனக்கு விஷம் கொடுக்கிறார்கள் என்று பயப்படுவதாகப் பாதிரியாருக்குச் செய்தி அனுப்பினாள். அந்தக் கைகளிலிருந்து விலக்கி வேறிடத்தில் சிகிச்சை கொடுத்ததும் தேறிவிட்டாள்.

கே: எர்னஸ்ட் மோலியை உண்மையிலேயே நேசித்தானா?

ப: பிள்ளைகள் பிறந்தார்கள், அவளுடைய மொழியில் பேசினான், நோயில் பார்த்துக்கொண்டான் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அவளுடைய அக்கா தங்கை வீட்டுக்கு வெடி வைக்க மாமன் சொன்ன செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவனும் அவன்தான். நேசமா இல்லையா என்று எடைபோடுவதை நாவலாசிரியர்களிடம் விடுகிறேன். மோலி 1926இல் அவனை விவாகரத்து செய்தாள். எனக்கு அவளுடைய தீர்ப்புப் போதும்.

கே: இன்சூரன்ஸ் துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். ஹேல், ரோன் பெயரில் பாலிசி எடுத்திருந்தாராமே? இன்னொருவர் பெயரில் பாலிசி எடுத்து நம்மையே நாமினியாகப் போட்டுக்கொள்ள முடியுமா?

ப: நினைத்த மாத்திரத்தில் முடியாது. ஒருவர் உயிரோடு இருப்பதில் உங்களுக்கு ஆதாயம் இருக்க வேண்டும், அவர் போனால் நட்டம் இருக்க வேண்டும். மனைவி, தொழில் கூட்டாளி, கடன் கொடுத்தவர், இப்படி. இல்லாவிட்டால் ஆயுள் காப்பீடு சாவின் மேல் பந்தயம் கட்டுவதாக ஆகிவிடும்.

ஹேலுக்கு அது நன்றாகவே தெரியும். அதனால் ரோன் தனக்கு 25,000 டாலர் கடன்பட்டிருப்பதாக ஒரு சீட்டைக் காட்டினார். அதே 25,000க்குப் பாலிசி, பலன் பெறுபவர் ஹேல். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வருமானம் வரும் ஒருவர் பண்ணைக்காரரிடம் கடன் வாங்குவாரா என்று யோசிக்கலாம். வாங்குவார், மீதிப் பணம்தான் அரசிடம் பூட்டிக் கிடக்கிறதே. காப்பாளர் சட்டம் இப்படியும் ஹேலுக்கு உதவியது. இருந்தாலும் கடன் தொகையும் காப்பீட்டுத் தொகையும் கடைசி டாலர் வரை பொருந்தினால், ஆய்வாளன் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நடக்க வேண்டும்.

ரோன் ஹேலைத் தன் நெருங்கிய நண்பர் என்றே நினைத்தார். அவர் இறுதிச் சடங்கில் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஹேலும் ஒருவர். காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்க மறுத்தது. இந்தக் கதையில் நான் மனம் நிறைந்து பாராட்டும் நிறுவனம் அது ஒன்றுதான். நான் ஓய்வூதியம் வாங்கும் துறை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

கே: எஃப்.பி.ஐ. துப்பறிந்து நீதியை நிலைநாட்டியது என்று என் மகன் சொல்கிறான். சரிதானா?

ப: பாதி சரி. அப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை. 'புலனாய்வு அலுவலகம்' என்ற சின்ன அமைப்பு. ஓசேஜ் மக்கள் முதலில் உள்ளூர் போலீஸை நம்பினார்கள், தனியார் துப்பறிவாளர்களுக்குப் பணம் கொடுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. உதவி கேட்டுத் தலைநகர் வாஷிங்டனுக்குப் போன பார்னி மெக்பிரைட் என்ற எண்ணெய்த் தொழில்காரர் 1922இல் அங்கே கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். ஜார்ஜ் பிக்ஹார்ட் என்ற ஓசேஜ்காரர் ஆஸ்பத்திரியில் விஷத்தால் செத்துக்கொண்டிருந்தபோது சொன்னதைக் கேட்டு, ஆதாரங்களோடு ஊருக்கு ரயில் ஏறிய வாகன் என்ற வழக்கறிஞர் ஊர் வந்து சேரவில்லை. 1923 ஜூனில் தண்டவாளத்தின் ஓரம் உடல் கிடைத்தது. பத்துப் பிள்ளைகளின் தகப்பன்.

இனத்தின் சபையும் மத்திய அரசைக் கேட்டது. வந்தவர்கள் தொடக்கத்தில் செய்தது வெட்கக்கேடு: பிளாக்கி தாம்சன் என்ற கைதியைச் சிறையிலிருந்து எடுத்து உளவாளியாக அனுப்ப, அவன் ஒரு வங்கியைக் கொள்ளையடித்து ஒரு போலீஸ்காரரையும் கொன்றான். 1925இல் டாம் ஒயிட் பொறுப்பேற்ற பின்பே வேலை ஒழுங்காயிற்று. 'டெக்சாஸ் ரேஞ்சர்' என்ற மாநிலக் காவல் படையில் இருந்தவர், நிதானமான மனிதர். கால்நடை வியாபாரி, மூலிகை வைத்தியர் என்று வேடம் போட்டு ஆட்களை உள்ளே அனுப்பினார். ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக ஃபேர்ஃபாக்ஸில் அலுவலகமே திறந்து, துப்புத் துலக்கிய நேரத்தில் உண்மையான பாலிசிகளையும் விற்றிருக்கிறார். அந்த ஊரில், அந்த வருடங்களில், ஆயுள் காப்பீடு விற்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

1926இல் எர்னஸ்ட் வாயைத் திறந்தான். ஹேல் மாட்டினார். இயக்குநர் எட்கர் ஹூவருக்குப் பத்திரிகையில் பெயர் கிடைத்தது, கோப்பு மூடப்பட்டது. மற்றச் சாவுகள் அப்படியே கிடந்தன. புலனாய்வுச் செலவுக்கு ஏறத்தாழ 20,000 டாலர் ஓசேஜ் மக்களிடமிருந்தே வாங்கப்பட்டது என்பதையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

கே: கொலை வழக்கு மாநில நீதிமன்றத்தில்தானே நடக்கும்? மத்திய அரசு எப்படி உள்ளே வந்தது? (சட்டம் படிக்கும் மாணவி)

ப: ரோன் கொல்லப்பட்ட இடம் வழிவிட்டது. ஓசேஜ் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டு, விற்க முடியாதபடி அரசின் கட்டுப்பாட்டில் இருந்த நிலத்தில் அவர் சுடப்பட்டார். அது சட்டப்படி 'இந்தியர் நாடு', அதாவது அமெரிக்கப் பழங்குடிகளின் நிலம், ஆகவே மத்திய நீதிமன்றத்துக்கு உட்பட்டது என்று 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 'அமெரிக்கா எதிர் ராம்சே' என்ற அந்த வழக்கின் பெயரில் வரும் ராம்சே, ரோனைச் சுட்ட ஆள். அன்னா கொலைக்கு இந்த வசதி இல்லை. உள்ளூர் ஜூரி ஹேலைத் தண்டிக்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், இருந்த வழக்குகளில் ரோன் வழக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியும் குத்ரி நகரில் நடந்த முதல் விசாரணையில் ஜூரிகள் ஒத்துவரவில்லை. ஓசேஜ் ஒருவரைக் கொல்வதைக் கொலையாகக் கருதுவார்களா, விலங்கை வதைத்த குற்றமாகக் கருதுவார்களா என்று இனத்தைச் சேர்ந்த ஒருவர் அப்போது கேட்டார். கேட்டதில் மிகை இல்லை.

கே: தண்டனை என்ன? தூக்குதானே?

ப: ஆயுள். ஹேலுக்கு, ராம்சேவுக்கு, எர்னஸ்டுக்கு எல்லோருக்கும் ஆயுள். ஹேல் மேல்முறையீடு செய்து, மறுபடியும் விசாரிக்கப்பட்டு, 1929இல் முடிவானது. 1947இல் பரோல். ஓசேஜ் மக்கள் எதிர்த்தார்கள், கேட்கவில்லை. 1962 வரை வாழ்ந்து, முதுமையில் இறந்தார். எர்னஸ்ட் 1937இல் பரோலில் வந்து, ஓசேஜ் வீடு ஒன்றிலேயே திருடி மறுபடியும் உள்ளே போனான். 1960களின் நடுவில் மாநில ஆளுநர் ஹென்றி பெல்மன் அவனுக்கு முழு மன்னிப்பே கொடுத்துவிட்டார்.

மோலி? 1931இல்தான், தன் நாற்பதுகளில், தன் பணத்தைத் தானே செலவு செய்யத் தகுதியானவள் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1937இல் இறந்தாள்.

கே: ஹேல் என்ற ஒரு பேராசைக்காரனும் அவனுடைய கூட்டமும் செய்ததற்கு ஒரு சமுதாயத்தையே குறை சொல்வது நியாயமா?

ப: ஹேலைக் கொஞ்ச நேரம் அப்பால் நிறுத்திவிட்டு ஒரு விஷக்கொலைக்கு என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். நோயை எழுத ஒரு டாக்டர் வேண்டும். உடலைப் புதைப்பவர் கேள்வி கேட்கக் கூடாது. உயிலை எழுத வழக்கறிஞர், அதை ஏற்க நீதிபதி, சொத்தை மாற்றிக் கொடுக்க எழுத்தர், பணத்தைப் போட்டு வைக்க வங்கி. இவர்கள் எல்லோரும் கொலைகாரர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் இவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்திருந்தாலும் காரியம் நின்றிருக்கும். என் அனுபவத்தில் மோசடிக் கோரிக்கையில் எல்லாத் தாளும் ஒழுங்காக இருக்கும். உண்மையான சாவில்தான் ஏதாவது ஒரு சான்றிதழ் தொலைந்திருக்கும். ஓசேஜ் கவுண்டியில் தாள்கள் மிக ஒழுங்காக இருந்தன.

அரசு சொன்ன எண்ணிக்கை 24 கொலைகள் அளவில் நின்றது. 1907 முதல் 1923 வரை 605 ஓசேஜ் மக்கள் இறந்தார்கள். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 19 என்று கணக்கு வருகிறது. 1920களில் அமெரிக்க வெள்ளையரிடையே அது 12கூட இல்லை. உலகத்திலேயே தலைக்கு அதிக வருமானம் உள்ள மக்கள் என்று பெயரெடுத்தவர்கள், நல்ல வீடும் சாப்பாடும் மருத்துவமும் வாங்க முடிந்தவர்கள், ஏன் இவ்வளவு வேகமாகச் செத்தார்கள்? நோய்களும் இருந்தன, மதுவும் இருந்தது, மறுக்கவில்லை. அவற்றைக் கழித்தாலும் ஹேலின் கணக்கில் அடங்காத சாவுகள் நிறைய மிஞ்சும். அவற்றுக்குரிய கொலைகாரர்கள் நல்ல குடிமக்களாகவே அடக்கம் செய்யப்பட்டிருப்பார்கள்.

கே: சட்டம் பிறகாவது திருந்தியதா?

ப: 1925இல். பாதியோ அதற்கு மேலோ ஓசேஜ் வம்சம் உள்ளவரின் பங்கு ஓசேஜ் அல்லாத வாரிசுக்குப் போகாது என்று விதித்தார்கள். ஓசேஜ் ஒருவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர் அவர் சொத்தை அடைய முடியாது என்றும் அதே சட்டத்தில் எழுதினார்கள். எழுத வேண்டியிருந்தது! அந்தச் சட்டம் ஏற்கெனவே போன பங்குகளைத் தொடவில்லை. தண்டிக்கப்படாதவரையும் தொடவில்லை.

கே: இப்போது ஓசேஜ் மக்கள் எப்படி இருக்கிறார்கள்? எண்ணெய் தீர்ந்துவிட்டதா?

ப: தீரவில்லை, பழைய வெள்ளமும் இல்லை. மக்கள் இருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். 2006இல் தங்களுக்கென்று புதிய அரசியல் சாசனம் எழுதிக்கொண்டார்கள். தங்கள் சொத்தை அமெரிக்க அரசு ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்று தொடுத்த வழக்கில் 2011இல் 38 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. 2016இல் 43,000 ஏக்கர் பண்ணை ஒன்றை விலைக்கு வாங்கினார்கள். ஒரு காலத்தில் தங்களுடையதாக இருந்த அதே நிலத்தை.

1906இல் ஜேம்ஸ் பிக்ஹார்ட் வைத்த நிபந்தனை இன்றும் வேலை செய்கிறது. ஒரு காற்றாலை நிறுவனம் ஓசேஜ் கவுண்டியில் 84 காற்றாலைகளை நட்டது. அடித்தளத்துக்குத் தோண்டிய பாறையை உடைத்து அங்கேயே நிரப்பியது கனிமத்தை எடுத்ததாகும், அதற்கு இனத்தின் அனுமதி வேண்டும் என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2023 டிசம்பரில் எல்லாவற்றையும் பிடுங்கி எடுக்க உத்தரவு வந்தது. காற்றாலை நல்லதுதானே என்று எழுதப் போகிறீர்கள். நல்லதுதான். கேட்டுவிட்டு நட்டிருக்கலாம்.

கே: பழைய பங்குகள் இப்போது யாரிடம் இருக்கின்றன? வெளியாரிடம் இருப்பதைத் திரும்பப் பெற வழி உண்டா?

ப: ஏறக்குறைய நான்கில் ஒரு பகுதி ஓசேஜ் அல்லாதவர்களிடம் இருக்கிறது. தனிநபர்கள், தேவாலயங்கள், பல்கலைக்கழகங்கள். எல்லாமே ரத்தக் கறை படிந்தவை அல்ல. சில திருமணத்தால் நேர்மையாகப் போனவை, சில உயிலில் நன்கொடையாகப் போனவை. எது எப்படிப் போனது என்று பிரித்தறியக் கோப்பு கோப்பாகத் திறக்க வேண்டும்.

வழி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. 1984இல் வந்த திருத்தத்தின்படி வெளியார் தம் பங்கை விற்பதானால் வாங்கும் முதல் உரிமை அந்தப் பங்கை ஆதியில் பெற்ற ஓசேஜ்காரரின் வாரிசுகளுக்கு. அவர்கள் வேண்டாம் என்றால் மற்ற ஓசேஜ் மக்களுக்கு, அதற்குப் பிறகு இனத்தின் சபைக்கு. வரிசை சரிதான். ஆனால் விற்கும்போது மட்டும்தான் அது செல்லும், விற்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. விற்றாலும், பாட்டியிடமிருந்து போனதைப் பேரன் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.